கைப்பிடியை இழுத்த கை

மார்ச் 3, செவ்வாய்

துணி துவைக்கும் இயந்திரம் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது. நுரையோடு துணியை அள்ளி வாளியில் அலசிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன். வயலுக்கு மருந்து தெளிக்கும் குட்டி விமானம் ஒன்று, தரையை விட்டு ஏறும்போதே விழுந்துவிட்டதாம். ஓட்டியவர் உயிரோடு இருக்கிறார். "கிளம்பிப் போங்க. சின்ன கேஸ்தான், சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றார் முற்றுப்புள்ளி.

முற்றுப்புள்ளி என்பது எங்கள் மேலதிகாரிக்கு நான் வைத்த பெயர். விமான விபத்து ஆய்வு என்று வாசலில் பலகை மாட்டிக்கொண்டு, கோப்பைத் திறக்கும் முன்பே அதை எப்படி மூடுவது என்று யோசிக்கிற மனிதர். அவர் உள்ளே உட்கார்ந்திருக்காத எந்த விபத்தும் அவருக்குச் சின்ன கேஸ்தான்.

வீட்டுக்காரர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போ, நான் பிழியறேன். போற இடத்துல யார்கிட்டயாவது சண்டை போட்டா, ஜெயிச்சிட்டு வா. தோத்துட்டு வந்து என்கிட்ட புலம்பாதே." பல்செட் செய்து விற்கிற மனிதர்; சொந்தப் பல்லோ நன்றாகவே கடிக்கும்.

மார்ச் 3, சாயங்காலம்

ஒரு மண் ஓடுபாதை. இந்த முனையில் தகரக் கொட்டகை, மருந்து கலக்கும் தொட்டிகள். அந்த முனையில் ஒரு வாய்க்கால் கரை. கரைக்கு அப்பால் தர்பூசணித் தோட்டம். விமானம் தோட்டத்தில் தலைகீழாகக் கிடந்தது. சுற்றிலும் ஒரே சிவப்பு. எத்தனையோ விபத்துகளைப் பார்த்தவள்தான், ஆனாலும் ஒரு நொடி ரத்தம் என்றே நினைத்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, எல்லாம் உடைந்த பழம்.

தோட்டத்துக்காரம்மா வரப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும், தொண்டைக்கு இருபது. "மேல போற சனியன் மேலயே போக வேண்டியதுதானே! என் தோட்டத்த விட்டா வேற எடமே இல்லையா?" கத்தி முடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்தப் பையன் பொழச்சிப்பானா?" விமானியை விமானத்தின் மருந்துத் தொட்டிக்கும் தரைக்கும் நடுவிலிருந்து இழுத்து வெளியே போட்டதே அவரும் அவர் வீட்டு ஆட்களும்தான் என்று பிறகு தெரிந்தது.

நாளைக்கு மறந்துவிடாமல் இருக்க இங்கேயே எழுதி வைக்கிறேன். இந்த விமானத்தில் விமானிக்கு முன்னால் பெரிய மருந்துத் தொட்டி. தொட்டியின் அடியில், வயிற்றுப்பக்கம், ஒரு தகட்டுக் கதவு. அவருடைய இடது கைப்பக்கம் அந்தக் கதவுக்கு ஒரு கைப்பிடி. விமானம் ஏற மறுத்தால் கைப்பிடியை இழுக்க வேண்டும். மருந்து மொத்தமும் கீழே கொட்டிவிடும், பாரம் இறங்கிய விமானம் மேலே போய்விடும். மற்றபடி அந்தக் கதவுக்கு வேலையே கிடையாது. தெளிப்பதெல்லாம் இறக்கையில் இருக்கும் குழாய் வழியாகத்தான்.

மருந்தில் நீலச் சாயம் கலந்திருக்கிறார்கள், தெளித்த இடம் கண்ணுக்குத் தெரிவதற்காக. ஓடுபாதையில் நீலம் இல்லை. வாய்க்கால் கரையிலும் இல்லை. தொட்டி உடைந்த இடத்தில் மட்டும் குளமாக நிற்கிறது.

"அவன் கொட்டவே இல்ல மேடம்" என்றார் கம்பெனி முதலாளி. "கொட்டியிருந்தா தப்பிச்சிருப்பான். என் ப்ளேனும் தப்பிச்சிருக்கும்." முதலாவது வருத்தம் எது, இரண்டாவது வருத்தம் எது என்று குரலிலேயே தெரிந்தது.

மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரி. விமானிக்கு இடுப்பு எலும்பில் முறிவு, வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. நடப்பார், ஆனால் நாளாகும் என்றார் டாக்டர். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். யாரும் சாப்பிடவில்லை. உரித்து உரித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

நான் கேள்வியையே கேட்கவில்லை, அதற்குள் விமானி சொல்லிவிட்டார்: "நான் இழுக்கல மேடம். மறந்துட்டேன். என் தப்புதான்."

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு விமானியை நான் பார்த்ததில்லை. எல்லோரும் காற்றைச் சொல்வார்கள், எஞ்சினைச் சொல்வார்கள், பறவையைச் சொல்வார்கள். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்த பாடம் மாதிரி ஒப்பிக்கிறார்.

"காத்து எப்படி இருந்தது?"

"பின்னாலேர்ந்து. அப்படி அடிச்சா சட்டுனு மேல தூக்காது, தெரிஞ்சேதான் ஏறினேன். லோடு ஏத்தற எடம் இந்தப் பக்கம், பாரத்தோட அந்த முனைக்குப் போய் திரும்பி வந்தா சக்கரம் மண்ணுல பொதையும். எப்பவும் இப்படித்தான் ஏறுவோம், எல்லாரும்."

"சரி. ஏறலன்னு தெரிஞ்சதும்?"

"அதான் சொன்னேனே. மறந்துட்டேன்."

இடது கையில் பெரிய கட்டு. வெளியே வந்து நர்ஸிடம் கேட்டேன். கட்டைவிரல் மூட்டு நழுவியிருந்ததாம், உள்ளங்கைத் தோல் குறுக்காகக் கிழிந்திருந்ததாம். திரும்ப உள்ளே போனேன்.

"மறந்த கை எப்படிக் கிழிஞ்சது?"

மனைவியின் ஆரஞ்சு நின்றுவிட்டது. விமானி சுவரிடமே சொன்னார்: "விழும்போது எங்கயாவது பட்டிருக்கும்."

பொய். சொல்லத் தெரியாதவர் சொல்கிற பொய். ஆனால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் பொய்யை ஒருவர் ஏன் சொல்ல வேண்டும்?

மார்ச் 6, வெள்ளி

உடைந்த பாகங்களைக் கொட்டகையில் பரப்பி வைத்திருக்கிறார்கள். கைப்பிடியின் இரும்புத் தண்டைப் பார்த்தேன். வளைந்திருக்கிறது, பின்பக்கமாக. விமானம் கரையில் முட்டியபோது எல்லாம் முன்பக்கமாகத்தான் மடங்கியிருக்கின்றன: பெடல், இருக்கை, சட்டம், எல்லாம். இந்தத் தண்டு மட்டும் பின்னால் வளைந்திருக்கிறது. ஒரு மனிதன் இழுத்து வளைத்தது. மறந்தவர் இல்லை, உயிர் போகிற பலத்தோடு இழுத்தவர்.

பிறகு கதவைப் பார்த்தேன். தகட்டின் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை. நகத்தால் கீறினேன், நகம்தான் உடைந்தது. ஒரே பூச்சு இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, விரல் கனத்துக்கு.

ஒரு துண்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்ததும் வீட்டுக்காரர் தட்டிப் பார்த்தார். "இத யாரு வாயில வெச்சாங்க?" பிறகு, "பழச சுரண்டாம புதுசு பூசியிருக்காங்க. தெனம் தெனம் பூசினா இப்படித்தான் கெட்டியாகும்" என்றார். அது எனக்கே தெரிந்திருந்தது. இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 7, சனி

இன்று எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கொட்டகையில் மருந்து கலந்து விமானத்தில் ஏற்றுகிற வேலைக்கு ஒரு ஆள் உண்டு. எல்லோரும் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்கள், விமானியின் மனைவிக்குத் தம்பி என்பதால். முப்பது வயது. சுறுசுறுப்பு, வாய் ஓயாத பேச்சு. பசைத் துண்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "இதுவா மேடம்? இது என் ஐடியா! கதவு ரப்பர் தேஞ்சு போச்சு, ஓரமா சொட்டும். ஏறும்போது தர்பூசணித் தோட்டத்துல சொட்டி எலையெல்லாம் கருகிப் போச்சு. அந்தம்மா வந்து கத்து கத்துன்னு கத்தினாங்க. மாமாவுக்கு மனசு கேக்கல. பாவம்டா, ஒரு சொட்டுகூட விழக்கூடாதுன்னாரு. புது ரப்பர் கேட்டு எத்தனையோ மாசமாச்சு, வரல. நான்தான் தேடிப் புடிச்சேன், இந்தப் பசைய. தெனம் காலைல ஒரு சுத்து. அதுக்கப்பறம் ஒரு சொட்டு விழுந்திருக்குமா? கேட்டுப் பாருங்க! மொதலாளியே தட்டிக் குடுத்து, எல்லா ப்ளேனுக்கும் பூசுடான்னு..."

அங்கே நின்றான். என் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். உடைந்து கிடந்த கதவைப் பார்த்தான். அவன் முகத்தில் அது ஏறியதை நான் பார்த்திருக்கக் கூடாது. தொட்டியோரம் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா இழுத்தாரா மேடம்?"

இழுத்தார் என்றேன். வேறு என்ன சொல்ல?

இப்போது புரிகிறது, ஆஸ்பத்திரியில் அவர் ஏன் சுவரைப் பார்த்தார் என்று. தன் பெயரைக் கொடுத்து மச்சானை மூடி மறைக்கிறார். நல்ல மனிதர். நாசமாய்ப் போன நல்ல மனிதர்! ஏனென்றால், அங்கே இன்னும் மூன்று விமானங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் அதே பசை. மூன்றும் இன்று காலையிலும் ஏறின.

மார்ச் 8, ஞாயிறு

மறுபடியும் போனேன். விமானிகளிடம் நேராகவே சொன்னேன். மூன்று பேரில் நெட்டையாக ஒருவர், அவர்தான் பேசுகிறவர். சிரித்தார். "நாங்க தெனமும் ஏறி எறங்கறோம் மேடம், எங்களுக்குத் தெரியாதா?" அந்தக் கதவைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். திறந்தால் மருந்து வீண், திறந்து பார்த்தால் நேரம் வீண், அதுவும் தெளிப்புக் காலத்தில். ஆக, யாரும் திறந்ததில்லை.

தண்ணீர் ஊற்றி ஒரு தடவை இழுத்துப் பாருங்கள் என்றேன். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். விழுந்த விமானத்தைப் பார்க்கத்தான் எனக்கு அனுமதியாம், நிற்கிற விமானத்தைத் தொட இல்லையாம். விழுந்த பிறகு தொடலாம் என்று அர்த்தம்.

மார்ச் 9, திங்கள்

முற்றுப்புள்ளியின் அறை. மற்ற மூன்றையும் உடனே நிறுத்தச் சொல்லி உத்தரவு வேண்டும், அவர் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது. தண்டு, பசை, கை எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். அவர் தலையாட்டினால் காது மூடியிருக்கிறது என்று பொருள்.

"விமானியே ஒத்துக்கிட்டாரேம்மா. அதுக்கு மேல என்ன?"

"அவர் பொய் சொல்றார் சார்."

"தனக்கு எதிரா யாராவது பொய் சொல்வாங்களா? சரி, அத விடுங்க. பின்காத்துல ஏறினாரா இல்லையா? முழு லோடு ஏத்தினாரா இல்லையா? அது அவர் தப்புதானே?"

"தப்புதான் சார். தப்பு நடக்கும்னு தெரிஞ்சுதானே அந்தக் கைப்பிடிய வெச்சிருக்காங்க? தப்பே பண்ணாதவனுக்குக் கைப்பிடி எதுக்கு?"

பேனாவை மூடி வைத்தார். "விசாரணை முடியட்டும். எடுத்தேன் கவுத்தேன்னு எதுவும் செய்ய முடியாது. அறுவடைக்கு முன்னால தெளிக்கிற காலம், எத்தனை விவசாயிங்க பொழப்பு இதுல இருக்கு தெரியுமா?"

"அதுக்குள்ள இன்னொருத்தர் விழுந்தா?"

"அபசகுனமா பேசாதீங்க."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சத்தமாகத்தான் சாத்தினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர் ஒரு விமானத்தையே மறைக்கப் பார்க்கிறார்.

எனக்குக் கோபம் இல்லை, கோபம் இல்லைன்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். வந்து பாத்தா சாவியைக் கையில இறுக்கி இறுக்கி உள்ளங்கைல தடம் விழுந்திருக்கு.

மார்ச் 10, செவ்வாய்

வழக்கிலிருந்து என்னை விலக்கிவிட்டார்கள். "ஓய்வு தேவை" என்று காரணம் போட்டிருக்கிறார். யாருக்கு?

மார்ச் 11, புதன்

விலக்கப்பட்டவள் ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன்.

"உங்க மச்சான் எல்லாம் சொல்லிட்டான்" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். மனைவி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தம்மாவுக்கு எதுவுமே தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாவி, மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

அந்தம்மா அழவில்லை. கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். "என்னங்க, என் தம்பிக்காகவா? உங்களுக்கு யாருங்க இந்த உரிமையக் குடுத்தா? அவன் தப்பு பண்ணினா அவனே சொல்லட்டும். நீங்க பொய் சொல்லி, நாளைக்கு அந்த நெட்டையண்ணன் விழுந்தா, அவர் பொண்டாட்டி மூஞ்சிய நான் எப்படிங்க பாப்பேன்?"

"பூசச் சொன்னதே நான்தான்" என்றார் விமானி. "ஒரு சொட்டுகூட விழக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அவன மட்டும் எப்படிக் காட்டிக் குடுக்க?"

எனக்கு அந்த ஆளை உலுக்க வேண்டும் போல இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்தவரை உலுக்கக் கூடாது என்பதால் வந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

தர்பூசணி அம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கும் உண்மை தெரிய வேண்டும். சொட்டு விழுகிறது என்று அவர் கத்தியதிலிருந்துதான் பசை வந்தது என்றேன். சொல்லும்போதே பயமாக இருந்தது.

கேட்டுவிட்டுக் காய்ந்த கொடி ஒன்றைப் பிடுங்கி எறிந்தார். "அப்ப நான் வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா அந்தப் பையன் விழுந்திருக்க மாட்டான், அப்படித்தானே?" நான் பதில் சொல்லுமுன்னே சீறினார்: "அப்படி இல்ல! நான் சொட்ட நிறுத்துன்னுதான் சொன்னேன். ரப்பர் மாத்தியிருக்கணும். வாயக் கட்டச் சொன்னா மூக்கையும் சேத்துக் கட்டினா அது யார் குத்தம்?"

சரிதான். நூற்றுக்கு நூறு சரி.

"நாளைக்கும் ஏறுவானுங்களா?"

"ஏறுவாங்க. நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"எனக்கும்தான் இல்ல" என்றார். பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்தார். "ஆனா என் டிராக்டர் போற வழி அந்த ஓடுபாதைக்குக் குறுக்காலதான். வழியில எனக்கும் உரிமை உண்டு, தெரியுமா?"

தெரியாது என்றேன். நான் எதுவும் கேட்கவும் இல்லை, எதுவும் சொல்லவும் இல்லை. இந்த வரியை நாளைக்கு யாராவது படித்தால், இதுதான் உண்மை. சிரித்தேன் என்பதும் உண்மை.

மார்ச் 13, வெள்ளி

விடிந்தபோது டிராக்டர் ஓடுபாதையின் நட்டநடுவில் நின்றது. அம்மா அதன்மேல் ராணி மாதிரி.

முதலாளி ஓடி வந்தார். "அம்மா, வண்டிய எடுங்க."

"ஸ்டார்ட் ஆகல."

"சாவியக் குடுங்க, நான் பாக்கறேன்."

"சாவி தோட்டத்துல எங்கயோ விழுந்துடுச்சு. நீங்களும் வேணா வந்து தேடுங்க. பாத்து நடங்க, பழம் மிதிபடும்."

மூன்று விமானிகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இன்னும் மருந்து ஏற்றவில்லை. நான் நெட்டையிடம் போனேன். "சாவி கெடைக்கற வரைக்கும் சும்மாதானே நிக்கப் போறீங்க. தண்ணி ஊத்தி ஒரு தடவ இழுங்க. தெறந்துட்டா, இதே எடத்துல எல்லார் முன்னாலயும் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

நெட்டை முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூடாது என்றார். அப்போது கொட்டகையிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டு வந்தான் மச்சான். இத்தனை நாளும் வீட்டைவிட்டு வெளியே வராதவன். முகம் சவரம் செய்யாமல், கண் உள்ளே போய்.

"நான் ஊத்தறேன்" என்றான். "பூசினது நான். நானே ஊத்தறேன்."

"டேய், வேலை வேணுமா வேணாமா?" என்று முதலாளி கத்தினார்.

"வேணாம் சார்."

தொட்டி நிறைந்தது. நெட்டை ஏறி உட்கார்ந்தார், எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார், கைப்பிடியை இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். காலைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். கீழே நாங்கள் எல்லோரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். மச்சான் நல்ல வேலைக்காரன், ஒரு சொட்டு விழவில்லை.

இரண்டாவது விமானத்தில் கதவு கை நுழையும் அளவுக்கு விரிந்து நின்றுவிட்டது. மூன்றாவது அசையவே இல்லை.

நெட்டை இறங்கி வந்து சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். "நேத்து முழு லோடு" என்றார். "முந்தாநேத்தும்." தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து ஹெல்மெட்டைக் கொண்டுபோய் முதலாளியின் காலடியில் வைத்தார். "ரப்பர் வர்ற வரைக்கும் இத நீங்க போட்டுக்கோங்க." மற்ற இருவரும் அதையே செய்தார்கள்.

"யார் குடுத்த அனுமதில இதெல்லாம் பண்றீங்க?" முதலாளி என் பக்கம் திரும்பினார். "நான் மேல எழுதுவேன்!"

"எழுதுங்க. என் பேர சரியா எழுதுங்க, பதவியும் போடுங்க. நீங்க எழுதற கடிதத்துல தேதி மட்டும் இன்னிக்குப் போடுங்க, அடுத்த ப்ளேன் விழறதுக்கு முன்னாடியே எழுதினதுன்னு தெரியணும்."

மச்சான் விமானத்தின் அடியில் படுத்துக்கொண்டு உளியால் பசையைச் சுரண்டத் தொடங்கினான். தூசி கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. நெட்டை இன்னொரு உளியோடு அவன் பக்கத்தில் போய்ப் படுத்தார்.

அம்மாவுக்குச் சாவி கிடைத்துவிட்டது. சட்டைப்பையில் இருந்ததாம்.

மார்ச் 16, திங்கள்

மாதக்கணக்காக வராத ரப்பர் இரண்டே நாளில் வந்துவிட்டது. நெட்டை போனில் சொன்னார். எங்கே இருந்ததாம்? கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும்.

எனக்கும் ஒன்று வந்தது: விளக்கம் கேட்டுக் கடிதம். அதிகார வரம்பை மீறியது, தனியார் இடத்தில் நுழைந்தது, டிராக்டரைத் தூண்டியது. டிராக்டரைத் தூண்டியது! அப்படியேதான் எழுதியிருக்கிறார்கள்.

விளக்கம் எழுதினேன். "மூன்று கதவுகள் திறக்கவில்லை. இப்போது திறக்கின்றன." வேறு எதுவும் எழுதவில்லை. வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஒரு வரி சேர்த்தால் பிரச்சினை முடிந்துவிடும் என்று பக்கத்து மேசைக்காரர் காதில் ஓதினார். எனக்கு வருத்தம் இல்லையே!

மார்ச் 20, வெள்ளி

விமானியின் மனைவி போன் செய்து, "இருங்கக்கா, பேசுவாரு" என்று அவரிடம் கொடுத்தார். பிறகு:

"இழுத்தேன் மேடம். ரெண்டு கையாலயும் இழுத்தேன். வரல."

எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்புங்கள் என்றேன். ஏற்கெனவே அனுப்பிவிட்டாராம். மச்சானும் ஒன்று அனுப்பியிருக்கிறானாம். போனை வைத்துவிட்டு வாளித் துணியின் மேல் உட்கார்ந்து அழுதேன். இயந்திரம் இன்னும் சரியாகவில்லை.

மார்ச் 28, சனி

அறிக்கை தயார். முதல் காரணம்: விமானியின் தவறான முடிவு. கதவு, நாலாம் பக்கத்தில், "கூடுதல் காரணி". பசை என்ற சொல்லே இல்லை, "பராமரிப்புப் பொருள்" என்று இருக்கிறது. பசைக்கு எத்தனை மரியாதை!

கையெழுத்துப் போட முடியாது என்றேன். நான் முதலில் விசாரித்தவள், என் மறுப்பைக் கூடவே சேர்க்க வேண்டும் என்பது விதி. முற்றுப்புள்ளி பெருமூச்சு விட்டார். "சேத்துடலாம். யாரும்மா இதையெல்லாம் படிக்கப் போறாங்க?"

"நீங்க படிச்சீங்களே சார். முகம் மாறினத நான் பாத்தேன்."

திங்கள் முதல் எனக்குப் பயிற்சிப் பிரிவாம்.

ஏப்ரல் 9, வியாழன்

பயிற்சிப் பிரிவு என்பது உடைந்த நாற்காலிகள் வைக்கிற அறை. பயிற்சி பெறுகிறவர் யாரும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் சுவர். வீட்டுக்காரர், "ஜெயிச்சிட்டு வான்னு சொன்னேனே" என்று கேலி செய்தார். ஜெயிச்சேனா தோத்தேனா, அதுதான் எனக்கே தெரியல. விமானியின் லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், மேல்முறையீடு போட்டிருக்கிறார். என் மறுப்பை அதில் இணைத்திருக்கிறாராம். அந்த மட்டும் நல்லது.

நாற்காலிகளில் ஒன்றைச் சரிசெய்து உட்கார்ந்திருக்கிறேன். கால் ஆடுகிறது, ஆடட்டும். நான் ஆடமாட்டேன்.

ஏப்ரல் 22, புதன்

மதியம் போன். தர்பூசணி அம்மா. ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை.

"உங்க பேச்சக் கேட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்! காலைல அந்த நெட்டையன் ஏறினான். பின்னாலேர்ந்து ஒரு காத்து. பாதி ஏறினான், ஆடினான், அப்படியே மொத்தத்தையும் என் தலையில கொட்டிட்டுப் போய்ட்டான்! தோட்டமே நீலம்! என் நாயே நீலம்! புதுசா பூ விட்டிருந்த கொடியெல்லாம் போச்சு, யார் பதில் சொல்வாங்க?"

"நெட்டை? நெட்டைக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"அவனுக்கென்ன கேடு? குதிச்சு மேல போனான், ஒரு சுத்து சுத்தி எறங்கினான், மன்னிப்புக் கேக்க நேரா இங்க வந்தான். தண்ணி குடுத்து உக்கார வெச்சிருக்கேன், இன்னும் எழுந்திரிக்கல. அது கெடக்கட்டும், என் தோட்டத்துக்கு வழி சொல்லுங்க!"

ஆடுகிற நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் திட்டிக்கொண்டே போனார், கம்பெனியை, காற்றை, நெட்டையை, என்னை. நடுவில் ஒரே ஒரு தடவை குறுக்கிட்டேன்.

"அம்மா, எல்லாத்தையும் கொட்டிட்டாரா? மொத்தமும்?"

"ஒரு சொட்டு மிச்சமில்லாம!" என்று கத்தினார்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.